சாக்: கோணியும் கொள்ளையும் அமுக்கும்

அமெரிக்கக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் பார்க்க உட்காரும் தமிழருக்கு முதல் அரைமணி நேரத்திலேயே காதில் விழுந்துவிடும் சொல் 'சாக்'. வர்ணனையாளர் குரலை உயர்த்துவார், அரங்கம் எழுந்து நிற்கும், திரையில் ஒருவர் தரையில் கிடப்பார். நம் காதுக்கு அது 'சாக்கு' என்றுதான் கேட்கும். அப்படிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பொருள். தாக்கும் அணியில் பந்தைக் கையில் வாங்கி எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிய இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே, பந்து கையை விட்டுப் போகுமுன், ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே எதிரணிக்காரர் அவரைப் பிடித்துச் சாய்த்துவிட்டால் அது சாக். எறியும் நோக்கம் இருந்திருக்க வேண்டும்; பந்தை எடுத்துக்கொண்டு ஓடவென்றே கிளம்பியவரை மடக்கினால் அது வெறும் பின்னடைவுதான். 10 கெஜம் முன்னேற 4 முயற்சிகள் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு. ஒரு சாக் விழுந்தால் முயற்சியும் போச்சு, 6, 7 கெஜம் இடமும் போச்சு. இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. தடுப்பு வீரர்களின் பட்டியலில் 22.5, 173.5 என்று அரைகள் தொங்குவது அதனால்தான்.

இந்தச் சொல்லை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் டீக்கன் ஜோன்ஸ். தடுப்பு வரிசையின் கோடியில் நிற்கும் 'டிஃபென்ஸிவ் எண்ட்'. 1938இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஈட்டன்வில்லில் பிறந்தவர். கறுப்பின மக்கள் தாங்களே நிறுவி, தாங்களே ஆண்ட ஊர் அது, 1887இல் நகராட்சியானது. ஊருக்குள் இருந்த மதிப்பு ஊர் எல்லையைத் தாண்டினால் கிடைக்காது. சவுத் கரோலினா மாநிலக் கல்லூரியில் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக அவருடைய உதவித்தொகை பறிக்கப்பட்டது. பிறகு மிசிசிப்பியில் ஒரு கல்லூரி. அங்கே வேறொரு வீரரின் ஆட்டத்தைப் படச்சுருளில் பார்த்துக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் ஆள்தேடுநர்கள், இவ்வளவு பெரிய உடம்போடு இவ்வளவு வேகமாக ஓடும் இவரைக் கண்டு வியந்தார்கள். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பிரித்தெடுக்கும் 1961 தேர்வில் அவரை 14ஆம் சுற்றில்தான் எடுத்தார்கள். கடைசிப் பந்தியில் இடம் கிடைத்த மாதிரி.

இயற்பெயர் டேவிட் ஜோன்ஸ். தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தால் எத்தனையோ டேவிட் ஜோன்ஸ்கள்; அந்தப் பெயரில் ஆடினால் யார் நினைவில் வைப்பார்கள் என்று தானே 'டீக்கன்' என்று சூட்டிக்கொண்டார். தேவாலயத்தில் பணிசெய்யும் திருத்தொண்டரைக் குறிக்கும் சொல் அது. பெயரின் வலிமை அறிந்த மனிதர் என்று இதிலேயே தெரிகிறது. தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டவர், தான் செய்த வேலைக்கும் ஒரு பெயர் வைத்தார்.

அவர் வருவதற்கு முன் அந்த வேலைக்குச் சரியான பெயர் இல்லை. 'எறிபவரைக் கவிழ்த்தல்' என்ற பொருளில் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 6 அடி 5 அங்குலம், ஏறக்குறைய 123 கிலோ எடையுள்ள மனிதர் கோடியிலிருந்து பாய்ந்து வந்து ஒருவரைச் சாய்க்கும் காட்சிக்கு அந்த நீட்டல் பொருந்தவில்லை. 'சாக்' என்றார் ஜோன்ஸ். ஒரே அசை. தலைப்பிலும் அடங்கும், தொண்டையிலும் அடங்கும்.

ஏன் அந்தச் சொல் என்று கேட்டபோது அவர் இரண்டு படிமங்களைச் சொன்னார். ஒரு நகரத்தைச் சூறையாடுவது போல என்பது ஒன்று. எதிரணி முழுவதையும் ஒரு கோணிக்குள் போட்டுக் கட்டி, மட்டையால் விளாசுவது போல என்பது மற்றொன்று. இரண்டும் தொடர்பில்லாத உவமைகள் போலத் தோன்றும். சொல்லின் வேரைத் தோண்டினால் இரண்டும் ஒரே கிழங்கு.

கோணி, பை என்ற பொருளில் இந்தச் சொல் மிகப் பழையது. எபிரேயம் முதலான செமிட்டிய மொழிகளில் முரட்டுத் துணியையும் பையையும் குறித்த சொல், கிரேக்கத்தில் 'சாக்கோஸ்', இலத்தீனில் 'சாக்குஸ்' என்று போய், அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆங்கிலத்தில் சாக், போர்ச்சுக்கீசில் சாக்கோ, டச்சில் ஸாக். ஐரோப்பியரின் வணிகத்தோடு நம் கரையிலும் இறங்கி, அரிசிக் கடையிலும் உர மூட்டையிலும் இன்று நாம் புழங்கும் 'சாக்கு' ஆனது. ஆக, தொலைக்காட்சியில் நம் காதில் விழுவது நம் மளிகைக் கடைச் சாக்கின் உடன்பிறப்பேதான். (சாக்குப்போக்கில் வரும் சாக்கு வேறு.)

சூறையாடல் என்ற பொருள் அந்தப் பையிலிருந்தே பிறந்தது. நகரம் விழுந்ததும் படைவீரர்கள் கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டுவார்கள். இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் பையைக் குறித்த சொல்லே மெல்லக் கொள்ளைக்கும் பெயரானது. 1527இல் ரோம் நகரம் கொள்ளை போனதை இத்தாலியர் இன்றும் 'சாக்கோ டி ரோமா' என்றுதான் சொல்கிறார்கள். ஜோன்ஸ் சொற்பிறப்பியல் படித்துவிட்டுப் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய இரண்டு படிமங்களும் சொல்லின் இரண்டு கிளைகளிலும் சரியாகப் போய் உட்கார்ந்தன.

இதற்கு மறுகதை ஒன்றும் உண்டு. பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலன்தான் முதலில் சொன்னார் என்பார் அவரிடம் உதவியாளராக இருந்த மார்வ் லெவி. டல்லஸ் அணியின் குவார்ட்டர்பேக் பெயர் கிரெய்க் மார்ட்டன். மார்ட்டன் என்பது அமெரிக்காவில் பெயர்பெற்ற உப்பு நிறுவனமும்கூட. 'அந்த மார்ட்டன் உப்பைச் சாக்கில் கொட்டுவோம்' என்ற பொருளில் ஆலன் பேசினாராம். அழகான கதைதான். ஆனால் அது ஆலன் வாஷிங்டனுக்குப் பயிற்சியளித்த காலத்துக் கதை. அவர் அங்கே போனதே 1971இல். அதற்கு முன் 1966 முதல் 1970 வரை ராம்ஸில் ஜோன்ஸுக்கே பயிற்சியாளராக இருந்தவர் அவர். சொல் அந்த உடைமாற்றும் அறையிலிருந்து அவரோடு பயணப்பட்டிருக்கும் என்பதே என் கணிப்பு.

பெயர் கிடைத்தும் கணக்கு கிடைக்க நாளாயிற்று. ஜோன்ஸ் ஆடியது 14 பருவங்கள்: 1971 வரை ராம்ஸ், பிறகு சான் டியாகோவில் இரண்டு, 1974இல் வாஷிங்டனில் ஒன்று. அத்தனை ஆண்டுகளில் தவறவிட்டவை 5 ஆட்டங்கள் மட்டும். மெர்லின் ஓல்சன், ரோசி கிரியர், லமார் லண்டி ஆகியோரோடு அவர் நின்ற வரிசையை 'அச்சுறுத்தும் நால்வர்' என்றே அழைத்தார்கள். பந்து நகர்ந்த நொடியில் எதிரில் நிற்பவரின் தலைக்கவசத்தில், காதோரம், ஓங்கி ஓர் அறை விடுவார். அவர் கண் சிமிட்டித் திறப்பதற்குள் ஜோன்ஸ் அவரைத் தாண்டியிருப்பார். அந்த அறையை 1977இல் விதி போட்டுத் தடுத்தார்கள். தனி வீரரின் சாக்குகளை இந்த அணிகள் ஆடும் தேசியக் கால்பந்து லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதோ 1982இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஜோன்ஸ் புகழரங்கில் சேர்க்கப்பட்டுவிட்டார். அதனால், அந்தச் சொல்லைத் தந்தவர் பெயரில் அதிகாரபூர்வமாக ஒரு சாக்கும் இல்லை. என்னை மிகவும் வருத்துகிற செய்தி இதுதான். பழைய ஆட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணிய ஆய்வாளர்கள் அவர் கணக்கில் 173.5 என்று காட்டுகிறார்கள். புரூஸ் ஸ்மித்தின் 200க்கும் ரெஜி வைட்டின் 198க்கும் அடுத்த இடம். அவர் 2013 ஜூனில் இறந்த பிறகு, பருவத்தில் அதிக சாக் எடுப்பவருக்கு அவர் பெயரால் விருது தருகிறது லீக்.

இனி, தமிழில் என்ன சொல்வது?

'வீழ்த்தல்' என்று எழுதுகிறார்கள். விக்கெட்டையும் வீழ்த்துகிறோம், ஆட்சியையும் வீழ்த்துகிறோம். இந்த ஒன்றுக்கென்று அதில் எதுவும் மிச்சமில்லை. 'பிடி' சடுகுடுக்காரர்களின் சொல், பொதுவான மடக்கலுக்கு அது அருமையாகப் பொருந்தும், அங்கேயே இருக்கட்டும். 'சூறையாடல்' மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனால் 'குவார்ட்டர்பேக்கைச் சூறையாடினார்' என்றால் அவருடைய பணப்பை போய்விட்டது என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். பகைவர் நாட்டைக் கொள்ளையிடுவதை 'மழபுலவஞ்சி' என்று தனித்துறையாகவே வைத்தது புறப்பொருள் வெண்பாமாலை. சொல்லிப் பார்க்க இனிக்கிறது, வர்ணனைக்கு ஆகாது. எறிபவரைச் சுற்றி அவருடைய அணிக்காரர்களே அமைக்கும் காப்பு வளையத்தை 'பாக்கெட்' என்கிறார்களே, அதற்கு வேண்டுமானால் 'அரண்' என்ற பழஞ்சொல்லைத் தயங்காமல் எடுக்கலாம்.

என் தேர்வு 'அமுக்கு'. 'சந்தையில வச்சு ஆளை அமுக்கிட்டாங்க' என்றால், தப்புவதற்குள் எதிர்பாராமல் பிடித்துவிட்டார்கள் என்பது எல்லாருக்கும் புரியும். எடையால் கீழே அழுத்துவது அதன் நேர்ப்பொருள். தூக்கத்தில் நெஞ்சின்மேல் உட்காருவதை 'அமுக்குவான் பேய்' என்பார்கள். ஜோன்ஸுக்கு அடியில் கிடந்தவர்களைக் கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. 'பணத்தை அமுக்கிட்டான்' என்றால் கொள்ளையடித்து மறைத்துவிட்டான் என்று பொருள். கொள்ளை என்ற கிளை தமிழில் தானாகவே வந்து சேர்கிறது. இதைக் கண்டபோது எனக்கு மற்ற சொற்கள் தேவைப்படவில்லை.

பேச்சுவழக்காக இருக்கிறதே என்று தமிழாசிரியர்கள் முகம் சுளிக்கலாம். சாக் என்பதும் உடைமாற்றும் அறையில் பிறந்த பேச்சுவழக்குதான். எண்ணவும் இது வளைந்து கொடுக்கிறது: மூன்று அமுக்கு, அரை அமுக்கு, அமுக்கினார், அமுக்கப்பட்டார். வர்ணனையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்:

மூன்றாம் முயற்சி, எட்டு கெஜம் வேண்டும். பந்து பின்னால் போகிறது. அரண் இன்னும் நிற்கிறது, யாருக்கு எறிவது என்று பார்க்கிறார், இடப்பக்கக் கோடியிலிருந்து வந்துவிட்டார், அமுக்கு! ஏழு கெஜம் நட்டம்.