அலை, வலை, ஆமை: கடல் கதையில் எழுத்து எப்படிப் பிடிபடுகிறது?

நாலைந்து வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க சென்னைக்காரர்களுக்குக் கடலை விட நல்ல பாடம் கிடைக்காது என்று நினைக்கிறேன். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ காலை நனைத்த பிள்ளைக்கு அலை, நண்டு, சங்கு, படகு எல்லாம் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே காதில் பழகிய சொற்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

1986-ல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம்.

தமிழில் இது இன்னும் நன்றாகத் தெரியும். நம் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் இடத்துக்கு இடம் ஒலி மாறும். 'கடல்' என்பதில் வரும் க வேறு, 'சங்கு', 'படகு' என்பவற்றில் வரும் கு வேறு, ஆனால் அதைக் காட்ட எழுத்தில் எந்தக் குறியும் கிடையாது. பிள்ளை ப, ட, கு என்று ஒவ்வொன்றாக அழுத்திச் சொல்லும்போது வருவது அரைகுறையான ஒலிதான், அதைக் காதில் ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு ஒட்டிப் பார்த்து "படகு!" என்று தானே திருத்திக்கொள்கிறது. இப்படித் தானாகக் கண்டுபிடித்த சொல்லின் வடிவம் மனதில் தங்கிவிடுகிறது என்பதுதான் 1995-ல் டேவிட் ஷேர் விரிவாக எழுதிய சுயகற்றல் கருத்து. பென்குவினைப் பார்த்தே இராத பிள்ளைக்கு அந்தச் சொல்லில் இந்த வசதி இல்லை, அதனால் நண்டிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் இந்த ஐகாரம். அலை, வலை, கரை, நுரை, ஆமை என்று கடல் சொற்களில் அது கொட்டிக் கிடக்கிறது. 'லை'யில் குறி முதலில் நிற்கிறது, ஒலியோ 'ல்'லுக்குப் பிறகுதான் வருகிறது. கண் ஒரு வரிசையிலும் வாய் வேறு வரிசையிலும் போவதால் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது இயல்பு, அதட்ட வேண்டாம். ஒரே கதையில் இந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் பிள்ளை இரண்டையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பார்க்கப் பழகிவிடும். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை'யின் வடிவமே வேறு. தாத்தா பாட்டி பழைய மாதிரி எழுதினால் அதையும் காட்டுங்கள்.)

ஒரு எச்சரிக்கை. கதை கேட்கும் சின்னப் பிள்ளைகளின் கண் பெரும்பாலும் படத்தில்தான் இருக்கும், எழுத்தில் இல்லை. கண்ணசைவைப் பதிவு செய்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. அதனால் சொல்லுக்குக் கீழே விரல் வைத்தே வாசியுங்கள். 'ஆ-மை' என்று கைதட்டிப் பிரியுங்கள். ஜனவரியிலிருந்து நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையைப் பற்றிய கதை என்றால், குஞ்சு தெருவிளக்கைப் பார்த்து ஊர்ப்பக்கம் திரும்பும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, "ஏன் இந்தப் பக்கம் போகுது?" என்று கேளுங்கள். பிள்ளை ஒரே சொல்லில் பதில் சொன்னாலும் சரி, அதை நீங்கள் முழு வாக்கியமாக்கிச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.