செப்டேஜ்: கழிவுநீர் அல்ல, கசடு

‘சேப்டி டேங்க் சுத்தம் செய்யப்படும்’ என்று லாரியின் பின்புறம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத நினைத்தது செப்டிக் டேங்க், அதாவது வீட்டுக் கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டி. அதிலிருந்து லாரி உறிஞ்சி எடுப்பதுதான் செப்டேஜ். செப்டிக் என்ற சொல் காதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சேப்டி ஏதோ சொல்கிறது. வாய் அதைப் பிடித்துக்கொண்டது.

செப்டிக்கின் வேர் கிரேக்கம்: அழுகச் செய்வது என்று பொருள். புண்ணுக்குப் போடும் ஆன்டிசெப்டிக்கும் அந்த வேரில் முளைத்ததுதான். இப்படியொரு தொட்டிக்கு 1881-இல் பிரான்சின் லூயி மூரா காப்புரிமை பெற்றார். ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயர் 1890-களில் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் கட்டிய தொட்டியால் பரவியது. காற்றில்லாத இருட்டில் நுண்ணுயிர்கள் மலத்தை அழுகவைத்துக் கரைக்கின்றன, அவ்வளவே. ஆகவே சிலர் எழுதும் ‘நச்சுத்தொட்டி’ வேரைத் தவறவிடுகிறது, ‘அழுகுதொட்டி’ பொருந்தும். (இறங்குபவரைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ளே இருப்பது வேறு கதை.)

செப்டேஜ், சீவேஜைப் பார்த்து வார்த்த சொல். இரண்டையும் ‘கழிவுநீர்’ என்றே எழுதிவிடுகிறோம், வம்பு அங்கேதான். சீவேஜ் அன்றாடம் குழாயில் ஓடுவது. செப்டேஜ் வருடக்கணக்கில் தொட்டியில் கிடந்தது: மேலே பிசுக்கு ஏடு, நடுவே கலங்கல் நீர், அடியில் கறுத்த சேறு. குழாயை இறக்கி உறிஞ்சினால் மூன்றும் கலந்து ஏறும். சீவேஜைவிடப் பல மடங்கு அடர்த்தி. ஒரு லோடை மேன்ஹோலில் திறந்துவிட்டால், சிறிய சுத்திகரிப்பு நிலையம் திணறிப்போகும்.

உள்ளாட்சிகள் இதற்கெனத் தனி விதி வைப்பது இதனால்தான். வண்டிக்கு உரிமம், கசியாத டேங்க், கொட்ட அனுமதித்த இடம் ஆகியவை வேண்டும். எங்கே எடுத்தது, எவ்வளவு, எங்கே கொட்டியது என்பதற்குச் சீட்டும் பல ஊர்களில் உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி விதியில், வயலின் மேற்பரப்பில் இதைப் பரப்பி அப்படியே விடுவதானால், முதலில் சுண்ணாம்பு போன்ற காரம் சேர்த்து பிஎச் அளவை 12-க்கு ஏற்றி 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் ‘கழிவுநீர் விதிகள்’ என்று தமிழில் தந்தால், குளியலறைத் தண்ணீருக்கா இவ்வளவு கெடுபிடி என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

நம்மிடம் சொல் இல்லாமலில்லை. எண்ணெய்ச் சாடியின் அடியில் தங்குவதைக் கசண்டு என்கிறோம். கசடு அதன் உறவு. ‘கற்க கசடற’ என்ற குறளில் அது குற்றம், மாசு. அரசு ஆவணங்களில் வரும் ‘மலக்கசடு’ நல்ல ஆக்கம், ஆனால் அகலம் கூடியது: குழிக் கழிப்பறையில் அள்ளுவதும் மலக்கசடுதான். அழுகுதொட்டியிலிருந்து லாரியில் ஏறுவதை மட்டும் சுட்ட, நான் ‘தொட்டிக்கசடு’ என்று எழுதுகிறேன்.