சஃபாரி, கானுலா, நனிசைவ விருந்து: ஒரு சொல் விளக்கம்

தமிழ்நாட்டில் பலருக்கு 'சஃபாரி' என்ற சொல் தையற்கடையில்தான் அறிமுகமானது. சட்டையும் காற்சட்டையும் ஒரே துணியில் தைக்கப்பட்டு, அதிகாரிகளும் மெய்க்காவலர்களும் அணிந்த அந்த உடுப்பு, ஆப்பிரிக்கக் காடுகளில் வேட்டையாடிய ஐரோப்பியர்களின் காக்கி உடையிலிருந்து வந்தது. ஆனால் சொல்லின் பிறப்பில் உடையும் இல்லை, வேட்டையும் இல்லை, விலங்கும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவுதான். நைரோபியிலிருந்து சொந்த ஊருக்குப் பேருந்தில் போகிறவரின் பயணமும் சஃபாரியே. போகிறவர் 'ம்சஃபிரி' எனப்படுவார். அவரை 'சஃபாரி ஞ்ஜேமா', அதாவது நல்ல பயணம் அமையட்டும் என்று வாழ்த்தி வழியனுப்புவார்கள்.

சுவாகிலிக்கு இச்சொல்லைத் தந்தது அரபு மொழி. அரபியில் 'ஸஃபர்' என்பது பயணம். அதன் வேர்ச்சொல்லுக்குத் திரை விலக்குதல் என்ற பொருளும் உண்டு என்பதால், உடன் வருபவரின் உண்மைக் குணத்தைப் பயணம் திறந்து காட்டிவிடுகிறது என்று அரபு அகராதிக்காரர்கள் இரண்டையும் இணைத்து விளக்குவார்கள். இதே சொல் தமிழுக்குள்ளும் வேறொரு கடல்வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்வது 'சபர்', அப்படிச் சென்றவர் 'சபராளி'. ஆகவே சபராளியும் சஃபாரியும் ஒரே வேரில் கிளைத்த உறவினர்கள். ஒலி ஒத்திருப்பதால் பலர் உறவு கொண்டாடும் 'சவாரி'தான் இக்குடும்பத்தைச் சேராதது. அது பாரசீகத்திலிருந்து வந்தது, ஏறிச் செல்வதைக் குறிப்பது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற வணிகக் கூட்டங்களின் நெடும்பயணத்துக்கும் சஃபாரி என்றே பெயர். யானைத் தந்தமும் அடிமைகளும் அப்பயணங்களின் சரக்கு. சுமைகாரர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 30 கிலோ எடையைத் தலையில் சுமந்து மாதக்கணக்கில் நடந்தனர். 1850களின் இறுதியில் அப்பகுதியில் பயணம் செய்த ஆங்கிலேயர் ரிச்சர்ட் பர்ட்டனின் எழுத்துகள் வழியாகவே இச்சொல் ஆங்கிலத்தில் அறிமுகமானது என்பர். அதன்மேல் துப்பாக்கி ஏறியது பிறகுதான். 1909இல் கென்யாவில் வந்திறங்கிய முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், தம் மகனுடன் சேர்ந்து அப்பயணத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினார். அருங்காட்சியகத்துக்காக என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இன்றும் வழிகாட்டிகள் பெருமையோடு எண்ணிக் காட்டும் 'பெரிய ஐந்து' என்ற தொகுப்பு, அதாவது சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை என்பவை, நடந்து சென்று வேட்டையாடுவதற்குக் கடினமானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது; துப்பாக்கி இருந்த இடத்துக்கு ஒளிப்படக் கருவி வந்தது; சொல் மட்டும் மாறவில்லை.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பற்றிய செய்திகளில் 'சிங்க உலாவிடம்' என்ற தொடர் வரும். அது நல்ல சொல்தான், ஆனால் அதில் உலவுவது சிங்கம். நமக்கு வேண்டியது மனிதர் போய் வருவதைச் சொல்லும் சொல். 'வனவிலங்குச் சுற்றுலா' விலங்கை மட்டும் சொல்லிப் பறவையையும் மரத்தையும் விட்டுவிடுகிறது. இயற்கை ஆர்வலர்கள் நிலைநிறுத்திய 'காட்டுயிர்' அக்குறையைத் தீர்ப்பதால் 'காட்டுயிர் உலா' பொருத்தமானதே. எனினும் சுருக்கத்துக்காக நான் தேர்வது 'கானுலா'. கான் என்றால் அடர்ந்த காடு, கென்யாவின் மசாய் மாரா காட்டுயிர்க் காப்பகமோ புல்வெளி என்று சிலர் மறுக்கலாம். தமிழில் காடு அவ்வளவு குறுகிய சொல் இல்லை. முல்லை நிலத்தைக் காடும் காடு சார்ந்த இடமும் என்கிறோம். கொல்லையையும் மேட்டு நிலத்தையும் காடு என்கிறோம். மாரா என்ற சொல்லுக்கு மசாய் மக்களின் மா மொழியில் புள்ளிபுள்ளியானது என்று பொருள். புல்வெளியில் ஆங்காங்கே மரமும் புதருமாகப் புள்ளியிட்ட அந்த நிலத்துக்குக் 'கான்' பொருந்தவே செய்கிறது.

இனி, அந்தக் கானுலாவின் சாப்பாட்டு மேசைக்கு வரவேண்டும், ஏனெனில் இச்சொல்லின் சிக்கல் அங்கேதான் திரள்கிறது. சுவாகிலியில் 'ஞாமா' என்றால் இறைச்சி. 'ம்ஞாமா' என்றால் விலங்கு. காட்டுயிர்களுக்கு 'வாஞாமாபோரி', அதாவது புதர்க்காட்டு விலங்குகள் என்று பெயர். காலையில் வண்டியிலிருந்து கண்டதும் மாலையில் தட்டில் வருவதும் ஒரே வேர்ச்சொல். தென்னாப்பிரிக்க விடுதிகள் சிலவற்றில் இது வெறும் சொல் ஒற்றுமையாக நிற்பதில்லை. பகலில் பார்த்து வியந்த 'குடூ' என்னும் மான் இரவில் நெருப்பில் வாட்டிய இறைச்சியாகப் பரிமாறப்படுவதுண்டு. இறைச்சியை ஒப்பாத பயணி, சுவாகிலி வழங்கும் இடங்களில் 'சிலி ஞாமா', நான் இறைச்சி உண்பதில்லை, என்று சொல்லிவிட்டால் போதும் என எண்ணிவிடக் கூடாது. பேச்சுவழக்கில் ஞாமா என்பது பெரும்பாலும் ஆடு, மாட்டு இறைச்சியையே குறிக்கும். கோழிக்குக் 'கூக்கூ', மீனுக்குச் 'சமாக்கி' என்று தனிப்பெயர்கள் உள்ளதால், அவற்றையும் பெயர் சொல்லியே மறுக்க வேண்டும். 'கறி வேண்டாம்' என்றவரிடம் 'அப்படியானால் மீன்?' என்று கேட்கும் நம் ஊர் வீடுகளை அறிந்தவர்கள் இதற்கு வியக்க மாட்டார்கள்.

பாலும் நெய்யும் முட்டையும் தேனும்கூட வேண்டாம் என்பவரைக் குறிக்க, 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி 1944இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட சொல் 'வீகன்'. அதற்குத் தமிழில் வழங்கும் 'நனிசைவம்' இலக்கணம் அறிந்தவர் ஆக்கிய சொல். 'உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள' என்று தொல்காப்பியம் நனிக்குப் பொருள் வகுக்கிறது. சைவம் என்பது சமயப் பெயர் ஆயிற்றே என்ற தயக்கம் நியாயமானது. இலங்கைத் தமிழில் புழங்கும் 'மரக்கறி' அத்தயக்கத்தை நீக்கினாலும், அதில் பாலும் தயிரும் தாராளமாக இடம்பெறும். 'தாவர அடிப்படையிலான விருந்தோம்பல்' என்ற தொடரை மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுகிறார்கள். யாரும் வாயால் சொல்வதில்லை. 'நனிசைவ விருந்தோம்பல்' என்றே எழுதலாம் என்பது என் துணிபு.

விருந்து என்பதற்கே முதற்பொருள் புதுமை. புதிதாக வந்தவரைக் குறித்து, பின்னர் அவருக்கு இடும் உணவைக் குறித்தது. சுவாகிலியின் 'ம்கெனி' என்ற சொல்லும் அயலாரையும் விருந்தினரையும் ஒருசேரக் குறிப்பது. விருந்தினர் இரண்டு நாள் இருக்கலாம், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது அவர்கள் பழமொழி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்முடையது. புதியவருக்கு நனிசைவ உணவு இட, கென்யச் சமையலறை எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிளறிய உகாலி, மக்காச்சோளமும் அவரையும் சேர்த்து வேகவைத்த கிதேரி, தேங்காய்ப்பாலில் கொதித்த அவரை எல்லாம் அங்கே அன்றாடச் சாப்பாடு. வெங்காயம், தக்காளியோடு வதக்கும் ஒரு கீரைக்குச் 'சுகுமா விக்கி' என்று பெயர். வாரத்தைத் தள்ளு என்பது அதன் நேர்ப்பொருள், கையில் காசு குறைந்த நாளின் கீரை. நெய்க்குச் 'சாம்லி' என்பார்கள். அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

விலங்குக்கும் அந்நிலத்து மக்களுக்கும் தீங்கு செய்யாமல் போய் வருவதை 'அறவழிப் பயணம்' என்கிறார்கள். அத்தொடரின் பொருளும் தட்டோடு நின்றுவிடுவதில்லை. மாராவில் 'சீட்டா' எனப்படும் சிவிங்கிகளைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பயணிகள் நெருக்கமாக வரும் பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளும், பயணிகள் குறைந்த பகுதிகளில் 2.3 குட்டிகளும் தனித்து வாழும் வயதை எட்டின. சிவிங்கியைச் சூழ்ந்து நின்ற வண்டிகளில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதால் அந்தக் கணக்கு மாறாது. அதுபோலவே, மாராவைச் சுற்றியுள்ள காப்புநிலங்கள் பல மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. விடுதிகள் அவற்றுக்குக் குத்தகைப் பணம் செலுத்துகின்றன. அக்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மாட்டையும் பாலையும் நம்பி வாழ்பவை. எனவே நனிசைவ விருந்தினர் தங்கும் கூடாரத்துக்கு நில உரிமையாளராக இருப்பவர் மாடு மேய்ப்பவர். மசாய் வழக்கத்தில் அவர் தம் வீட்டுக்கு வருபவருக்கு முதலில் நீட்டக்கூடியதும் பாலாகத்தான் இருக்கும்.