ஹார்ட் பிளாக் வேறு, அடைப்பு வேறு

'பிளாக்' என்ற சொல்லைக் கேட்டதுமே "ஸ்டென்ட் வைக்கணுமா டாக்டர்?" என்பார்கள். ஸ்டென்ட் ரத்தக்குழாய் அடைப்புக்கு. ஹார்ட் பிளாக் இதயத்தின் வயரிங்கில் வரும் கோளாறு. மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு ஏவி நோட் என்ற நடுச்சந்தி வழியாகக் கீழறைக்கு இறங்கும்போது தாமதமாகலாம், தடைபடலாம்.

ஒருமுறை, குளியலறையில் இரண்டு தடவை விழுந்த ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். நாடி 36. இசிஜியைப் பார்த்த பயிற்சி மருத்துவர், 'சைனஸ் பிராடிகார்டியா' (வயரிங் சரி, துடிப்பு மட்டும் மெதுவு) என்று எழுதிவிட்டார். நான் ஒரு காகிதத்தின் ஓரத்தில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகளில் அடுத்தடுத்த இரண்டைக் குறித்துக்கொண்டு, அதை அப்படியே நகர்த்திப் பார்த்தேன். அடுத்த பி, கீழறை ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலைக்குள் ஒளிந்திருந்தது. பி அலைகள் நிமிடத்துக்கு 84, கீழறைத் துடிப்பைக் காட்டும் க்யூஆர்எஸ் 36. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாம் டிகிரி, அதாவது முழு பிளாக்.

முதல் டிகிரியில், பி தொடங்கி க்யூஆர்எஸ் தொடங்கும் வரையிலான பிஆர் இடைவெளி 200 மில்லிசெகண்டைத் தாண்டும், அதாவது இசிஜி தாளில் ஐந்து சின்னக் கட்டத்துக்கு மேல். ஆனால் துடிப்பு எதுவும் விடுபடாது. பெரும்பாலும் சிகிச்சை வேண்டியதில்லை.

இரண்டாம் டிகிரியில்தான் கவனம் வேண்டும். பிஆர் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, பிறகு ஒரு துடிப்பு விட்டுப்போனால் மோபிட்ஸ் ஒன்று. விளையாட்டு வீரர்களுக்குத் தூக்கத்தில்கூட வரும். பிஆர் மாறாமலே இருந்து திடீரென ஒரு க்யூஆர்எஸ் காணாமல் போனால் மோபிட்ஸ் இரண்டு. நோயாளி சிரித்துப் பேசினாலும் நான் அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் முழு பிளாக் ஆகிவிடும். இரண்டு பி அலைக்கு ஒரு க்யூஆர்எஸ் என்று வந்தால், அந்த இசிஜி துண்டை மட்டும் வைத்து மோபிட்ஸ் ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியாது. நீளமாக ஓட்டிப் பாருங்கள்.

ரத்த அழுத்தம் இறங்கினாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ துடிப்பை வேகப்படுத்தும் அட்ரோபின் 1 மி.கி. நரம்பில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை. க்யூஆர்எஸ் அகலமாக இருந்தால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். பாட்டிக்குக் கொடுத்தபோது பி அலைகள் மட்டும் வேகமெடுத்தன, நாடி அதே 36. உடனே வெளிப்புற பேசிங், அதாவது மார்பில் பேட் ஒட்டி மின்துடிப்பு கொடுப்பதை, தொடங்கினோம். அது கிடைக்காத இடத்தில் டோபமைன் அல்லது அட்ரினலின் டிரிப்.

அப்புறம் காரணத்தைத் தேட வேண்டும். பீட்டா பிளாக்கர், டில்டியாசெம், வெரபமில், டிகாக்சின் ஆகிய மருந்துகள், ரத்தத்தில் ஏறிய பொட்டாசியம் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. மாரடைப்பும் ஒரு காரணம், அதில் இதயத்தின் கீழ்ச்சுவர் பாதித்து வரும் பிளாக் பெரும்பாலும் சில நாளில் தானே விலகும். பாட்டிக்கு இவற்றில் எதுவும் இல்லை. நிரந்தர பேஸ்மேக்கர் வைத்தோம்.

கிளம்பும்போது மகன் பழைய ஃபைலை நீட்டினார். நாலு மாதத்துக்கு முந்தைய இசிஜி, மேலே 'நார்மல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கடைசி வரியில் பி அலை ஒன்று தனியாக நின்றது. அதன் பின்னால் க்யூஆர்எஸ் இல்லை.