முட்டைக்கோஸை நறுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

"இந்தக் காயைச் சாப்பிட்டால் புற்றுநோய் வராது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அதற்காக அதில் ஒன்றுமே இல்லை என்றும் ஒதுக்கிவிட முடியாது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் செல்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஒரு பக்கமும் மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருக்கும், கத்தியோ பல்லோ பட்டு செல் உடைந்தால்தான் இரண்டும் கலந்து, பூச்சிகளை விரட்டும் காரமான பொருள் உருவாகும். ப்ரோக்கோலியில் அப்படி வருவதுதான் சல்ஃபோராஃபேன். 1992-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலேயின் குழு இதைப் பிரித்தெடுத்தது.

சரி, உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? நம் செல்களில் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்திருக்கும். சல்ஃபோராஃபேன் வந்து கீப்1-இல் ஒட்டிக்கொண்டால் அந்தப் பிடி விட்டுப்போகும், என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் நுழைந்து, நச்சுகளை நீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிற நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும். அதாவது வேலையைச் செய்வது நம் உடம்புதான், காய் தூண்டிவிடுகிறது, அவ்வளவே. சீனாவின் சிடோங் பகுதியில் காற்று மாசில் வாழும் மக்களுக்கு ப்ரோக்கோலி முளையில் செய்த பானத்தை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மாசுக் காற்றில் இருக்கும் பென்சீன் என்ற நச்சின் கழிவு சிறுநீரில் 61 சதவீதம் கூடுதலாக வெளியேறியது, 2014-இல் முடிவு வெளியானது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது நச்சு வெளியேறுவதைத்தான், புற்றுநோய் குறைந்ததா என்பதை அல்ல. இந்த இடத்தைத்தான் பலரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் அந்தச் சத்தை மாத்திரையாக விழுங்கலாமே? இங்கேதான் எனக்குப் பயம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது (1994). என்ஆர்எஃப்2 விஷயத்திலும் இதேபோல ஒரு சிக்கல் உண்டு: சில நுரையீரல் புற்றுநோய்களில் அது எந்நேரமும் ஓயாமல் இயங்கி, புற்றுச் செல்களையே காப்பாற்றுகிறது. அதனால் சிகிச்சையில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

காயாகச் சாப்பிடுவதில் அந்தக் கவலை இல்லை, சமைக்கும் விதம்தான் முக்கியம். நேரம்போகக் கொதிக்கவிட்டால் மைரோசினேஸ் செத்துவிடும். நறுக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டு, அப்புறம் ஆவியில் லேசாக வேகவிடுங்கள். ஏற்கெனவே நன்றாக வெந்துவிட்டதா? இறக்கிய பிறகு மேலே கொஞ்சம் வறுக்காத கடுகுத்தூள் தூவினால், கடுகில் இருக்கும் மைரோசினேஸ் விட்ட வேலையைத் தொடர்ந்து செய்யும்.