ஒரே பில்லில் வந்த நாலு ஷாம்பு

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பதினெட்டு வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். மாத்திரை கேட்டு வருகிறவர்களைவிட ஷாம்பு, கிரீம் கேட்டு வருகிறவர்களிடம்தான் நான் அதிகம் வாயாடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பொய்யில்லை.

போன மாசம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். முடி நார் மாதிரி ஆகிவிட்டதாம், சீப்பு வைத்தாலே உடைகிறதாம். இதுவரை என்ன போட்டீர்கள் என்று கேட்டால், முதலில் கிளினிக் பிளஸ், அப்புறம் சன்சில்க், அதுவும் சரிப்படாமல் டவ், கடைசியில் மகள் சொன்னாள் என்று ட்ரெஸமே. "எந்தக் கம்பெனியும் ஒத்து வரல பாப்பா, நீ வேற கம்பெனி குடு" என்றார். நான் பேசாமல் ஏஜென்சி பில்லை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நாலும் ஒரே பில், ஒரே வண்டியில் வந்து இறங்கியவை, நாலும் ஹிந்துஸ்தான் யூனிலீவர். வீடு மாறியதாக நினைத்து அறை மாறிக்கொண்டிருந்திருக்கிறார், ஒவ்வோர் அறைக்கும் வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

தலைக்கு ஊற்றுவது போர் தண்ணி. நம் பக்கத்து போர் தண்ணியின் உப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, சோப்பு நுரைக்காது, காய்ந்த துண்டு அப்பளம் மாதிரி விறைக்கும். கடைசி இரண்டு சொம்பு மட்டும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணியில் அலசிப் பாருங்கள், ஷாம்பு பழையதே போதும் என்று அனுப்பினேன்.

இந்தக் குழப்பம் ஷாம்புவோடு நிற்பதில்லை. பாண்ட்ஸ், வாஸ்லின், குளோ அண்ட் லவ்லி, லக்மே, ஹமாம், இந்துலேகா எல்லாம் அதே யூனிலீவர்தான். லக்மே இன்னும் டாடாவுடையது என்று நம்புகிற பெரியவர்கள் உண்டு, 1952ல் டாடா தொடங்கியது உண்மை, 1998லேயே கைமாறிவிட்டது. இந்துலேகாவை யாரோ கேரளத்து வைத்தியர் காய்ச்சி அனுப்புகிறார் என்று நினைத்து வாங்குகிறவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, முகம் வாடிவிடும். ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், பேன்டீன், ஓலே மூன்றும் பி அண்ட் ஜி. கார்னியரும் மேபலினும் லோரியல், பெங்களூர் மாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் லான்கோமும் அதேதான். சிக், மீரா, கார்த்திகா, நைல் எல்லாம் கடலூரில் 1983ல் கிளம்பிய கவின்கேர்.

சரி, முதலாளி ஒருவர் என்றால் சரக்கும் ஒன்றா? இல்லை. இதை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது டவ்வும் கிளினிக் பிளஸும் ஒன்றுதான் என்று கிளம்பிவிடுவீர்கள். யாருடையது என்று தெரிந்தால் "அந்தக் கம்பெனி மட்டம், இந்தக் கம்பெனி ஒசத்தி" என்ற பேச்சு அடங்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு டப்பாவைத் திருப்பி, உள்ளே என்ன போட்டிருக்கிறது என்ற பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். அதிகமாக இருப்பது முதலில், குறைவது பின்னால் என்ற வரிசையில்தான் அது இருக்கும், ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இதில் நான் பார்க்கிற ஒரு குறுக்குவழி உண்டு. பீனாக்ஸிஎத்தனால் என்று ஒரு பதப்படுத்தும் பொருள், கெட்டுப்போகாமல் இருக்க நிறைய கிரீம்களில் சேர்ப்பார்கள், அதற்கு அனுமதி ஒரு சதவீதம் வரைக்கும்தான். அப்படியானால் அந்தப் பெயருக்குப் பின்னால் வருகிற எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அட்டையில் குங்குமப்பூ பெரிதாகப் பூத்திருக்கும், பின்னால் பார்த்தால் பீனாக்ஸிஎத்தனாலைத் தாண்டிக் கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கும். குங்குமப்பூவுக்கென்று கூடுதலாகக் கொடுத்த காசு படத்துக்குப் போனது.

ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் லீவுக்கு வந்தபோது, போனில் ஒரு லிஸ்டோடு கடைக்கு வந்தாள். நியாசினமைடு சீரம், நியாசினமைடு கிரீம், நியாசினமைடு பேஸ்வாஷ். நியாசினமைடு என்பது தோலுக்குப் போடும் ஒரு வகை வைட்டமின் பி3. சீரம் மினிமலிஸ்ட்தான் வேண்டுமாம், "அம்மா போடற மாதிரி பெரிய கம்பெனி சாமான் எனக்கு வேணாம்க்கா" என்றாள். மினிமலிஸ்ட்டில் பெரும்பங்கை 2025ல் யூனிலீவர் வாங்கிவிட்டது என்றேன், நம்பாமல் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் அம்மாவின் குளோ அண்ட் லவ்லி டியூபைத் திருப்பினால் அதிலும் நியாசினமைடு இருக்கிறது. சீரத்தில் 10 சதவீதம் என்று அளவைப் போட்டிருக்கிறார்கள், டியூபில் போடவில்லை, அதனால் இரண்டும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே பொருளை மூன்று டப்பாவில் எதற்கு வாங்குகிறாய்? பேஸ்வாஷில் இருப்பது அரை நிமிஷத்தில் சாக்கடைக்குப் போய்விடும். ஏதாவது ஒன்றில் இருந்தால் போதும் என்று சீரத்தை மட்டும் கொடுத்தேன். இன்னொரு நாள் இப்படியே பேசியபோது, வியாபாரம் போச்சு என்று கடைப்பையன் முறைத்தான்.

குதிகால் வெடிப்புக்கு வருகிறவர்களுக்கு விலைகூடிய ஃபுட் கிரீமைக் காட்டமாட்டேன், வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை ராத்திரி தடவி சாக்ஸ் போட்டால் முக்கால்வாசிப் பேருக்குக் கேட்கும். ஒரு விஷயத்தில் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். பத்தே நாளில் வெளுக்கும் என்று பக்கத்து வீட்டில் கொடுக்கும் சின்ன டியூப்கள் பல ஸ்டீராய்டு கலந்த மருந்து, அழகு சாமானே இல்லை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, முகம் சிவந்து, பரு கிளம்பும்.

ஷாம்புவில் இன்னொன்று. பெரிய பாட்டில்தான் லாபம் என்று நினைப்போம், பல ஷாம்புகளில் ஒரு மில்லி கணக்குப் பார்த்தால் பாக்கெட்தான் மலிவு. ஒரு ரூபாய்க்கு 5 மில்லி என்றால் மில்லி 20 காசு. பாட்டிலில் எம்ஆர்பி பக்கத்திலேயே மில்லிக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், வைத்துப் பாருங்கள். குப்பை சேர்வது எனக்கும் உறுத்தல்தான், அதை மறைக்கவில்லை.

அந்தப் பென்னாகரத்து அக்கா போன வாரம் வந்து ஒரு சரம் கிளினிக் பிளஸ் வாங்கிப்போனார், முடி கொஞ்சம் பரவாயில்லையாம். அன்றைக்கே ஏஜென்சி தம்பியும் நோட்டோடு வந்து, "அக்கா, ட்ரெஸமே ஆறு பாட்டில் போடட்டுமா?" என்றான். ரெண்டு போதும், சரம் பத்து எழுதிக்கோ என்றேன்.