துருவத்தை ஒட்டிச் செல்லும் நேர்வழி

அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உட்கியாக்விக் (2016 வரை பாரோ) விமான நிலையமும், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள லாங்யியர்பியன் விமான நிலையமும் சுவர் வரைபடத்தில் வெகுதொலைவில் தெரியும். முதல் ஊரிலிருந்து அதன் அட்சக்கோட்டிலேயே கிழக்கே பறந்து, பிறகு வடக்கே திரும்பினால் ஏறத்தாழ 6,900 கிலோமீட்டர் ஆகும். பூமி உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலோ, அது வடதுருவத்துக்குச் சுமார் 110 கிலோமீட்டர் பக்கத்தில் செல்லும். அதன் நீளம் 3,380 கிலோமீட்டர்தான்.

இதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். உட்கியாக்விக் துருவத்திலிருந்து 18.7 பாகையும், லாங்யியர்பியன் 11.75 பாகையும் விலகியுள்ளன. இரண்டின் தீர்க்கரேகைகளுக்கும் இடையே 172 பாகை இருப்பதால், அவை துருவத்தின் இரு எதிர்ப்பக்கங்களில் இருப்பதாகவே கொள்ளலாம். இரண்டையும் கூட்டி, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால், சரியான விடைக்குச் சில கிலோமீட்டர் வித்தியாசத்தில் வந்துவிடுவோம். நிலநடுக்கோட்டில் ஒரு தீர்க்கரேகைப் பாகையின் அகலமும் 111 கிலோமீட்டர்தான். உட்கியாக்விக்கில் அது 36 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. தட்டையான வரைபடம் மறைப்பது இந்தச் சுருக்கத்தைத்தான்.

இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த விந்தை திசை மாறுவதுதான். ஏறக்குறைய நேர் வடக்கே புறப்படும் விமானம், இடமோ வலமோ திரும்பாமலே, ஏறக்குறைய நேர் தெற்கு நோக்கிப் போய் இறங்குகிறது. காந்தத் துருவம் அருகில் இருப்பதால் திசைகாட்டியின் ஊசியும் அங்கே நம்பகமாக வழிகாட்டாது.

தூரத்தைப் பூமியின் வடிவம் முடிவு செய்கிறது என்றால், நேரத்தைக் காற்று முடிவு செய்கிறது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானத்துக்குக் காற்றில்லாத வானில் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால் அந்த நான்கு மணி நேரம் நாலரை ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் சுமார் மூன்றரை மணி நேரம் போதும். ஆனால் இவ்வூர்களிடையே நேரடிப் பயணிகள் சேவை இல்லாததால், பயணி தெற்கே இறங்கி, பல விமானங்கள் மாறி, மீண்டும் வடக்கே ஏறித்தான் சேர வேண்டும்.

1928 ஏப்ரல் 15 அன்று துருவ ஆய்வாளர் ஹியூபர்ட் வில்கின்ஸும் விமானி கார்ல் பென் ஐயல்சனும் ஒற்றை எஞ்சின் கொண்ட லாக்ஹீட் வேகா விமானத்தில் பாரோ முனையிலிருந்து ஸ்வால்பார்டு நோக்கிக் கிளம்பினார்கள். பனிக்கடலுக்கு மேலே, துருவத்தை விலகிச் சென்ற வளைந்த பாதையில், அவர்கள் இருபது மணி நேரத்துக்கும் மேல் பறந்தார்கள். இலக்கை நெருங்கியபோது பனிப்புயல் கண்ணை மறைக்க, ஆளில்லாத ஒரு சிறு தீவில் விமானத்தை இறக்கினார்கள். மிச்சமிருந்த சொற்ப தூரத்தைக் கடக்க வானம் தெளியும்வரை ஐந்து நாள் காத்திருந்தார்கள்.